ஒன்றேகால் மணி போன்

நான் ஓரிடத்தில் நிற்காதவன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். "உக்காருலே, எனக்குத் தல சுத்துது" என்று சொல்லாத வாத்தியார் எங்கள் பள்ளியில் இல்லை. வாய்த்த வேலையும் அதற்குத் தோதாகவே வாய்த்தது. தொண்ணூறுகளின் கடைசி வருஷங்களில் வண்ணார்பேட்டையில் ஒரு டெலிபோன் கடையில் இருந்தேன். கம்பெனிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இன்டர்காம் பெட்டி மாட்டுவது, பழுது பார்ப்பது. கூப்பிடுகிறவரின் நம்பரைக் காட்டும் காலர் ஐடி பெட்டிகள் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தன. அவற்றை வீடு வீடாகப் பொருத்துவதும் என் வேலைதான். மொபெட்டில் ஒரு பை. அதில் திருப்புளி, ஒயர், லைனைக் கடித்துக்கொள்ளும் கிளிப் வைத்த சோதனை போன். காலையில் பாளையங்கோட்டை, மத்தியானம் பேட்டை, சாயங்காலம் மறுபடி ஜங்ஷன். ஆற்றுப் பாலத்தை ஒரு நாளில் ஆறு தடவை கடப்பேன். ஒரு தடவைகூட ஆற்றைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

வேலை எனக்குத் தெரியும். தெரியும் என்பதும் எனக்குத் தெரியும், அதில்தான் வினை. ஒரு பெட்டியை மாட்டி முடிக்கும் முன்பே மனசு அடுத்த இடத்துக்குப் போய்விடும். உடம்பு மட்டும் இங்கே நின்று ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருக்கும்.

பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு மாட்டுத் தீவனக் கம்பெனி இருந்தது. உள்ளே நுழைந்தாலே புண்ணாக்கு வாசம் தொண்டையில் ஏறும். தவிட்டுத் தூசி எங்கும் படிந்திருக்கும். நான் மாட்டிய பெட்டியின் உள்ளே வரைக்கும் போயிருக்கும். ஆபீஸ் வாசலை ஒட்டிய சின்ன அறையில் போன்களைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா இருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் குடும்பத்தோடு இருந்தாள். பதினாலு வருஷமாக அதே நாற்காலி. 'ஹலோ' என்ற ஒரு சொல்லிலேயே ஆள் யார் என்று சொல்லிவிடுவாள். வாங்குகிறவரா, தவிடு விற்கிறவரா, வேலை கேட்டு வருகிறவரா என்பதும் தெரிந்துவிடும். எனக்கு எப்போது போனாலும் ஒரு தம்ளர் மோர் கிடைக்கும். "நின்னுக்கிட்டே குடிக்காதலே, விக்கிக்கிடும்" என்பாள். நான் நின்றுகொண்டே குடிப்பேன்.

கம்பெனி முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் சொல்வார்கள். அண்ணாச்சி கத்தவே மாட்டார். கோபம் வந்தால் குரலை இறக்குவார். குரல் இறங்க இறங்க எதிரில் நிற்பவன் கேட்காததையும் சொல்லிவிடுவான். அவர் வீடு டவுனில், ரத வீதிக்குப் பின்னால். தினமும் ஒரு மணிக்கு ஆபீஸைச் சாத்தியதும் வீட்டுக்குப் போய்விடுவார். ஒன்று பத்துக்கு இலை. அந்த வீட்டில் இலையில் உட்கார்ந்தவர் எந்தக் காரியத்துக்கும் நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்பது அவருடைய அப்பா காலத்து வழக்கம். போன் அடித்தாலும் சரிதான். பரிமாறிக்கொண்டிருக்கும் அம்மா, அதாவது அண்ணாச்சியின் மனைவி, கரண்டியை வைத்துவிட்டுப் போய் எடுப்பார். யார் என்று கேட்டுச் சொல்வார். பெரும்பாலும் "ரெண்டு மணிக்குப் பேசச் சொல்லு" என்ற பதில்தான் வரும்.

அண்ணாச்சி என்னிடம் இரண்டு காரியம் கேட்டார். மத்தியானம் கம்பெனிக்கு வரும் அழைப்புகள் தாமாகவே வீட்டுக்கு வர வேண்டும். வீட்டில் நம்பர் காட்டும் பெட்டி ஒன்று வேண்டும்.

"எவம்லாம் நம்ம வீட்டுக்குக் கூப்பிடுதான்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

வியாபாரத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டையும் ஒரே நாளில் முடித்தேன். கம்பெனியில் இரண்டு லைன் உண்டு. அக்கா சாப்பிட உட்காரும்போது இன்டர்காம் பெட்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். முதல் லைனில் வருகிற அழைப்பைப் பெட்டி வாங்கி, இரண்டாவது லைன் வழியாக அண்ணாச்சி வீட்டுக்கு அடித்து, இரண்டையும் இணைத்துவிடும். ஆள் இல்லாத ராத்திரிகளுக்கென்று வந்த அந்தப் பொத்தானுக்கு எங்கள் தொழிலில் நைட் சர்வீஸ் என்று பெயர். "நட்ட நடு மத்தியானத்துல நைட்டு எங்கன இருந்துலே வந்துச்சு" என்று அக்கா சிரித்தாள்.

சோதித்தும் பார்த்தேன். தெருமுனை பூத்திலிருந்து நேராக வீட்டு நம்பருக்கு அடித்தேன். பூத்தின் நம்பர் பெட்டியில் விழுந்ததாக அம்மா சொன்னார். அப்புறம் கம்பெனி நம்பருக்கு அடித்தேன். வீட்டில் மணி அடித்தது, அம்மா எடுத்தார். இரண்டும் சரி. ஆனால் இரண்டாவது தடவை அடித்தபோது பெட்டியில் என்ன நம்பர் விழுந்தது என்று நான் கேட்கவில்லை. ஜங்ஷனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை காத்திருந்தது. ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க எனக்கு நேரம் இல்லை.

வீட்டுக்குத் திரும்பி வந்து அண்ணாச்சியிடம் அடித்துச் சொன்னேன். "வெளியில இருந்து வந்தா வெளி நம்பர் விழும். கம்பெனியில இருந்து யாராவது அடிச்சா கம்பெனி நம்பர் விழும். பொட்டி பொய் சொல்லாது அண்ணாச்சி."

ஒரு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினார். பட்டாசாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், போன் மேசைக்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியில் பழைய அழைப்புகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கலாம். அவர் தள்ளத் தள்ள, நான் குனிந்து பார்த்தேன். அனேகமாக ஒவ்வொரு நாளும் ஒன்று பதினைந்துக்கும் ஒன்று இருபதுக்கும் நடுவில் ஓர் அழைப்பு. எல்லாம் கம்பெனியின் இரண்டாவது லைன் நம்பர்.

"எடுத்தா சத்தமே இல்லியாம். வச்சிருதாவளாம்" என்றார் அண்ணாச்சி. அம்மா அடுக்களை நடையில் நின்றிருந்தார். "இது எங்கன இருந்து வருது? நீ சொல்லு."

"கம்பெனிக்குள்ள இருந்துதான் அண்ணாச்சி."

"வெளியில இருந்து வந்திருக்காதே?"

"வரவே வராது. வந்தா வெளி நம்பர்லா விழும்."

அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு டாக்டரின் தோரணை இருந்தது என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அந்த நேரத்தில் கம்பெனியில் போன் பக்கத்தில் இருப்பது ஒரே ஆள்தான். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அடுக்களைக்குள் போய்விட்டார்.

"பதினாலு வருஷம்" என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கியிருந்தது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். பொறவு கணக்க முடிச்சு அனுப்பிர வேண்டியதுதான்."

பேச்சு அதற்கு முன்பே கம்பெனிக்குள் கசிந்திருந்தது. கல்யாணம் ஆகாத பெண் முதலாளி வீட்டுக்குத் தினமும் போன் போட்டுப் பேசாமல் வைக்கிறாள் என்றால் நாலு பேர் வாய் என்ன சொல்லும்? சொன்னது. அக்காவுக்கு வேலை மட்டும் போகப் போவதில்லை, பெயரும் போகப் போகிறது. அந்தத் தீர்ப்பை எழுதியவன் நான். அப்போது எனக்கு அது தெரியவில்லை. சரியாக விடை சொன்ன மாணவன் மாதிரி மொபெட்டை உதைத்துக் கிளப்பினேன்.

ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போதுதான் உறைத்தது. முந்தின நாள், திங்கட்கிழமை, ஒன்றே முக்கால் சுமாருக்கு நான் கம்பெனிக்கு அடித்திருந்தேன். இன்டர்காம் பெட்டிக்கு வேண்டிய ஓர் உதிரி அட்டை வந்துவிட்டதைச் சொல்வதற்காக. அது வீட்டுக்குப் போய் அம்மா எடுத்தார். "ரெண்டு மணிக்கு அடிக்கேன் அம்மா" என்று வைத்துவிட்டேன். அந்த நேரத்தைச் சற்று முன்பு பெட்டியில் பார்த்தேன். திங்கள், ஒன்று நாற்பத்து மூன்று. பக்கத்தில் எங்கள் கடை நம்பர் இல்லை. கம்பெனி நம்பர்.

நடுப் பாலத்தில் மொபெட்டை நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அமுக்கியபடி தலையை வெளியே நீட்டி, "சாவதுக்கு வேற எடம் கெடைக்கலியாலே" என்றார். நியாயமான கேள்விதான்.

விஷயம் இவ்வளவுதான். எனக்கு வந்த ஒரு கடிதத்தை அடுத்த வீட்டுக்காரர் வாங்கி, உறையைக் கிழித்துப் போட்டு, தன் உறையில் போட்டு எனக்கு அனுப்பினால், உறையில் யார் பெயர் இருக்கும்? அடுத்த வீட்டுக்காரர் பெயர்தான். வெளியிலிருந்து யார் கம்பெனிக்கு அடித்தாலும், என் இன்டர்காம் பெட்டி அதை இரண்டாவது லைனில் புதிதாக அடித்துத்தான் வீட்டுக்கு அனுப்பியது. வீட்டுப் பெட்டிக்குத் தெரிந்தது இரண்டாவது லைன் மட்டுமே. ஊரில் எவன் அடித்தாலும் பழி கம்பெனி மேல் விழும்படி நானே கட்டி வைத்திருக்கிறேன். அப்படியானால் அந்தப் பேசாத ஆள் எங்கிருந்தும் அடித்திருக்கலாம்.

அன்று தூங்கவில்லை என்று சொன்னால் பெரிய வார்த்தை. படுத்தேன், எழுந்தேன், படுத்தேன்.

புதன்கிழமை காலையில் தொலைபேசி இணைப்பகத்துக்குப் போனேன். அங்கே ஓர் அதிகாரி பொறுமையாகச் சொன்னார். "ஒங்க பொட்டியில செய்யாதீங்க. எங்க எக்ஸ்சேஞ்சிலயே அந்த லைனத் திருப்பி விட்டா, கூப்பிட்டவன் நம்பர் அப்படியே போயிரும். முதலாளி கையெழுத்து வேணும்." கையெழுத்து வேண்டுமென்றால் அண்ணாச்சியிடம் என் தப்பைச் சொல்லியாக வேண்டும். டவுனுக்கும் பேட்டைக்கும் நடுவில் அன்றைக்கு இரண்டு தடவை அலைந்து, இரண்டு தடவையும் அவர் வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை உள்ளே போய்ச் சொன்னேன்.

அண்ணாச்சி திட்டவில்லை. "அப்போ வெளியில இருந்தும் வந்திருக்கலாம்" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. என் தப்புதான்."

கையெழுத்துப் போட்டார். "வெள்ளிக்கிழம ஒரு மணிக்கு நீயே வந்து மாத்திவிடு. ரெண்டு மணிக்கு வீட்டுக்கு வா, சேந்து பாப்போம். அது வரைக்கும் யாருட்டயும் மூச்சு விடப்புடாது."

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனி முதல் லைனில் சோதனை போனின் கிளிப்பை மாட்டி, இணைப்பகத்தார் சொன்ன எண்களை அழுத்தினேன். மணி சரியாக ஒன்று. இனி முதல் லைனில் வருவது இன்டர்காம் பெட்டியைத் தொடாமல் இணைப்பகத்திலிருந்தே வீட்டுக்குப் போகும். அக்கா சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தாள். நாலைந்து நாளில் முகம் வற்றியிருந்தது. கணக்குப் பிரிவுப் பெண்கள் தினமும் ஒரு கரண்டி குழம்பு கொடுத்து அனுப்புவார்களாம், அதுவும் நின்றுபோயிருந்தது.

மூச்சு விடக் கூடாது என்றார் அண்ணாச்சி. எனக்கு அடக்க முடியவில்லை. குற்ற உணர்ச்சி பாதி, என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிக்கொள்ளும் ஆசை பாதி.

"அக்கா, ஒரு நல்ல சேதி. இனி ஒங்க மேல ஒரு சொல்லு வராது."

"என்ன செஞ்ச?" என்றாள்.

சொன்னேன். உறை, கடிதம், இணைப்பகம் எல்லாம். "இன்னைக்கு ஒண்ணேகாலுக்கு எவன் அடிக்கானோ அவன் நம்பரே அங்கன விழும். ரெண்டு மணிக்கு அண்ணாச்சி பாப்பாவ."

அக்காவின் கை தூக்கு மூடி மேலேயே நின்றது. "மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"யாரு கேட்டா ஒன்ன?" எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "எடுத்துரு. பழையபடி இங்கனயே அடிக்கிற மாதிரி ஆக்கிரு. பத்து நிமிசம்தான் இருக்கு."

"என்னத்துக்கு அக்கா? ஒங்களுக்காகத்தான…"

"அது அண்ணாச்சி மக."

அண்ணாச்சிக்கு ஒரே மகள். தனக்குப் பிடித்த ஒருவரை, வேறு சாதிக்காரரை, கல்யாணம் செய்துகொண்டு போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த வீட்டில் அவள் பெயரை எடுக்கக் கூடாது. கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. இவ்வளவும் எனக்கும் அரைகுறையாகத் தெரியும். தெரியாததை அக்கா பைய, கதவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பாளையங்கோட்டையிலதான் இருக்கா. ஆத்துக்கு அந்தப் பக்கம். நீ பொட்டி வைக்கதுக்கு முந்தி காலையில பதினோரு மணிக்கு வீட்டுக்கே அடிப்பா. அண்ணாச்சி இங்கன இருப்பாவ. அம்மையும் மகளும் அஞ்சு நிமிசம் பேசிக்கிடுவாவ. நீ வந்து பொட்டிய வச்ச, அதோட போச்சு. நேரா அடிச்சா நம்பர் விழுந்துரும்லா."

அக்கா மணியைப் பார்த்துவிட்டு மேலே சொன்னாள்.

"ஒரு நாளு லாரி ஆபீஸ்காரரு மத்தியானம் பேசிருக்காரு. 'ஏன் பிள்ள, லாரி ஆபீஸ் பேசினதுக்கு ஒங்க நம்பர்லா விழுந்திருக்கு'ன்னு அம்மா எங்கிட்ட கேட்டாவ. நீ சொன்னது தப்புன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். பொறவு அவ மத்தியானம் கம்பெனி நம்பருக்கு அடிச்சா, அந்தத் தப்ப வச்சுதான் இத்தன நாளும் ஓட்டினோம்."

"ஆனா சத்தமே இல்லன்னாவளே."

"எப்படிப் பேசுவா? அண்ணாச்சி எட்டடியில இலையில இருக்காவ. அம்மா 'யாரு, யாரு'ன்னு கேப்பாவ. ரெண்டு தடவ கேக்கத நாலு தடவையா கேப்பாவ. அந்தக் கொரலக் கேட்டுட்டு வச்சிருவா."

மணி ஒன்று எட்டு. நம்பர் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அது அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்காரரின் போன்; நம்பர் கிடைத்தால் தெருவும் வீடும் கிடைக்க ஒரு மணி நேரம் போதும். அண்ணாச்சி போக மாட்டார், அவருடைய தம்பிகள் இரண்டு பேர் போவார்கள். "அவளுக்கு மூணாவது மாசம்" என்றாள் அக்கா.

"நான் எடுத்துட்டேன்னா ரெண்டு மணிக்குப் பொட்டியில ஒண்ணும் இருக்காது. பழி ஒங்க மேலதான் வந்து நிக்கும்."

"எங்கிட்ட நீ சொன்னது அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லப்புடாதுன்னுதான் சொன்னாவ."

"பொறவு என்ன? கேட்டா இல்லன்னு சொல்லு. இன்னைக்கு போன் வரல, அவ்வளவுதான். ஒரு நாள் வராம இருக்கப்புடாதா? பொறவு நான் பாத்துக்கிடுதேன்."

கிளிப்பை மாட்டி, திருப்பி விட்டதை ரத்து செய்தேன். அந்த அறை நாலு எட்டு வைக்கிற அகலம்தான். அதற்குள் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. ஒன்று பதினாறுக்கு அக்காவின் மேசையில் மணி அடித்தது. முதல் மணி முடிவதற்குள் எடுத்தாள்.

"நான்தான். வச்சிராத, கேளு. இனிமே இங்கன அடிக்காத… இல்ல, நல்லாருக்காவ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல… நான் சொல்லுத வரைக்கும் அடிக்காத. சாப்ட்டியா? … சரி, வையி."

வைத்துவிட்டுத் தூக்கிலிருந்த சோற்றைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை. நான் மறுபடியும் எண்களை அழுத்தி லைனை வீட்டுக்குத் திருப்பினேன். பேட்டையிலிருந்து டவுன் வரைக்கும் மொபெட்டில் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே போனேன். இல்லை அண்ணாச்சி. யாரிடமும் சொல்லவில்லை அண்ணாச்சி. குரல் எப்படி இருக்க வேண்டும் என்றுகூடப் பழகிப் பார்த்தேன்.

அண்ணாச்சி சாப்பிட்டு முடித்து, வெற்றிலைத் தட்டோடு போன் மேசைக்கு முன்னால் இருந்தார். அம்மா அடுக்களை நடையில். இன்றைக்குப் பரிமாறுவதில் கவனமே இல்லை, இலையில் உப்பு வைக்க மறந்துவிட்டாள் என்று அண்ணாச்சி என்னிடம் குறைப்பட்டார். ஒரு மணியிலிருந்து அந்த அம்மா காதை எங்கே வைத்திருந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். மகள் ஏன் அடிக்கவில்லை, என்ன ஆயிற்று என்று கேட்கும் பார்வை. எனக்குத் தெரியும் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

அண்ணாச்சி பெட்டியை அமுக்கினார். ஒன்று நாற்பதுக்கு ஓர் அழைப்பு. "லாரி ஆபீஸ். அவன் நம்பரே விழுந்திருக்கு. கெட்டிக்காரன்தான்லே நீ." இன்னொரு தடவை அமுக்கினார். அடுத்தது நேற்றைய தேதி.

"இன்னைக்கு அந்தப் போன் வந்துச்சா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"வரல" என்றார் அம்மா.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு மாசமா பெரும்பாலும் வருது. நீ மாத்தின அன்னைக்கு மட்டும் வரல. வெளியில இருக்கவனுக்கு நீ மாத்தினது எப்படித் தெரியும்?"

"தெரியாது அண்ணாச்சி."

"தெரியாதுல்லா. அப்போ உள்ள இருக்கவளுக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்." குரல் இறங்கியது. "நீ அவகிட்ட சொன்னியா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். பேட்டையிலிருந்து கொண்டு வந்த சொல் அது ஒன்றுதான். தெரியாததைத் தெரிந்ததாக எத்தனை பேரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன், இதே பட்டாசாலையில் நின்று சொல்லியிருக்கிறேன். அண்ணாச்சி அந்த இறங்கிய குரலோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேலைன்னு கேட்டாவ" என்றேன். "சொன்னேன்."

"போதும்" என்றார் அண்ணாச்சி.

அம்மா உள்ளே போய்விட்டார். பாத்திரம் எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது. உண்மையை முழுதாகச் சொன்னால் மகள் மாட்டுவாள், சொல்லாவிட்டால் அக்கா போவாள். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பொய் போதுமாக இருந்தது. அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நான் கோழை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது, அதுவரைக்கும் அவசரக்காரன் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அந்த நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். கம்பெனியில் ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். எதிலும் போன் ஒன்றும் பெரிதாக இல்லை, அக்காவின் நடத்தைதான் இருந்தது. பேட்டைப் பக்கம் வேலை வந்தால் கடையில் இன்னொருவரைத் தள்ளிவிட்டுவிடுவேன். அப்படியும் அந்த அறை மறக்கவில்லை. தாகமாக இருக்கும்போதெல்லாம் மோர் ஞாபகம் வரும், உடனே எங்காவது கிளம்பிவிடுவேன்.

நாலைந்து மாதம் போயிருக்கும். டவுனில் கோவில் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் மீட்டர் எண் காட்டவில்லை என்று கடைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை. பூத்துக்குள் நுழைந்தேன். மேசைக்குப் பின்னால் அக்கா.

திரும்பிப் போய்விடலாமா என்று கால் துடித்தது. "மீட்டர் காட்ட மாட்டேங்கு, பாரு" என்றாள், நேற்றுத்தான் பார்த்தது போல. உட்கார்ந்து கழற்றினேன். ஒயர் ஒன்று விட்டுப்போயிருந்தது. அண்ணன் வீட்டில்தான் இருக்கிறீர்களா என்று கேட்டேன். "இல்ல, தனியாத்தான் இருக்கேன். அங்கன பேச்சு சரிப்பட்டு வரல" என்றாள். எந்தப் பேச்சு என்று நான் கேட்கவில்லை.

ஒயரைப் பற்ற வைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. கையில் அர்ச்சனைத் தட்டு, உடைத்த தேங்காய் மூடி, நெற்றியில் திருநீறு. அண்ணாச்சி வீட்டு அம்மா. என்னைப் பார்த்ததும் ஏறிய படியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோவில், கோவில் முடிந்து இங்கே. அவசரமாக எழுந்தேன். "வாங்க அம்மா. இங்கன இருந்து பேசினா ஒங்க வீட்டுப் பொட்டியில ஒண்ணும் விழாது. பயப்படாம பேசுங்க."

உண்மையாகவே விழாது. ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த அம்மா என் முகத்தையே பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் அக்காவைப் பார்த்தார்.

"நான் பாத்துட்டேன்மா. ஒண்ணும் விழாது. போங்க" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தார். தட்டை மேசை மேல் வைத்துவிட்டுக் கண்ணாடிக் கூண்டுக்குள் போனார். அக்கா ஒரு நம்பரை, பார்க்காமலே, அடித்துக் கொடுத்தாள். கூண்டின் கதவு சரியாகச் சாத்தவில்லை. அந்த அம்மா 'யாரு' என்று கேட்கவில்லை.

"நான்தான்ட்டி பேசுதேன்… காலு வீங்குதா? சாயங்காலம் மட்டுமா, நாள் பூராவுமா? … உப்பக் கொற. தண்ணி நெறயக் குடி. அவரு வந்துட்டாரா…"

நான் ஒயரைப் பற்ற வைத்து முடித்து மூடியை மாட்டினேன். மீட்டரில் எண் ஓட ஆரம்பித்தது. கிளம்ப வேண்டியதுதான். எப்போதும் எங்காவது கிளம்பிக்கொண்டே இருக்கும் எனக்கு, அங்கிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான்…"

அக்கா மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு 'இல்ல'தான் கேட்டேன் ஒங்கிட்ட" என்றாள்.

கூண்டுக்குள் அந்த அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.